வாய் திறக்காத வகுப்பு

எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைகளிடம் ஆங்கிலத்தில் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். தெரிந்தவர், தெரியாதவர் எல்லோரும் கை தூக்குவார்கள். பாதிப் பேருக்குக் கேள்வியே புரிந்திருக்காது, ஆனாலும் "மிஸ், மிஸ்" என்று ஒரே சத்தமாக இருக்கும். அதே பிள்ளைகள் 13, 14 வயதில் உயர்நிலை வகுப்புக்கு வந்து உட்காரும்போது அந்தச் சத்தம் போன இடம் தெரியாது. கேள்வி கேட்டால் தலைகள் குனிந்துகொள்ளும். ஒருவன் பேனா மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டுவான். ஒருத்தி புத்தகத்தில் இல்லாத பக்கத்தைத் தேடுவாள். முன்வரிசையில் வழக்கமாகப் பதில் சொல்லும் இரண்டு மூன்று பேர் இருப்பார்கள். மற்றவர்கள் எல்லாரும் அவர்களைத்தான் பார்ப்பார்கள்.

இதைப் பார்த்துவிட்டு "அடிப்படையே இல்லை, ஒரு வார்த்தை தெரியாது" என்று ஆசிரியர் அறையில் அலுத்துக்கொள்வது வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. உயர்நிலை வகுப்புகளுக்குத்தான் பல காலமாக ஆங்கிலம் எடுத்து வருகிறேன். வகுப்பில் வாயே திறக்காத பிள்ளையிடம் நோட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது தனியாகப் பேச்சுக் கொடுத்தால், தட்டுத்தடுமாறியாவது நாலு வாக்கியம் வரும். நாற்பது பேர் முன்னால் அந்த நாலு வாக்கியத்தைச் சொல்வதற்கு அந்த வயதில் கொடுக்க வேண்டிய விலை அதிகம். அந்த விலையை எப்படிக் குறைப்பது என்பதில்தான் உயர்நிலைப் பள்ளியில் ஆங்கிலம் கற்பிப்பதன் பெரும்பகுதி அடங்கியிருக்கிறது என்று நான் நம்புகிறேன். பாடத்திட்டம், கிராமர், வொக்காபுலரி எல்லாம் அதற்குப் பிறகுதான்.

14 வயதுப் பையனை எடுத்துக்கொள்ளுங்கள். தாய்மொழியில் அவன் கெட்டிக்காரன். வாதாடுவான், கிண்டலடிப்பான், நண்பர்களுக்குள் நடக்கும் சண்டையைத் தீர்த்துவைப்பான். ஆங்கிலத்தில் வாயைத் திறந்ததுமே ஐந்து வயதுப் பிள்ளையாகச் சுருங்கிவிடுகிறான். மனதில் இருப்பது ஒன்று, சொல்ல முடிவது அதில் பத்தில் ஒரு பங்கு. கணக்கில் தப்புப் போட்டால் விடைதான் தப்பு. ஆங்கிலத்தில் தப்பாகப் பேசினால் தானே தப்பாகிவிட்ட மாதிரி இருக்கும். மற்றவர் கண்ணில் தான் எப்படித் தெரிகிறோம் என்பதே முழுநேரக் கவலையாக இருக்கும் வயது அது. 1986-இல் எலேன் ஹோர்விட்ஸ் உள்ளிட்ட மூன்று ஆய்வாளர்கள், அந்நிய மொழி வகுப்பில் வரும் பதற்றம் பொதுவான பயந்த சுபாவத்திலிருந்து வேறுபட்டது, அதைத் தனியாகவே பார்க்க வேண்டும் என்று எழுதினார்கள். அதை அளக்க 33 கூற்றுகள் கொண்ட ஓர் அளவுகோலையும் கொடுத்தார்கள். வகுப்பில் என் பெயரைக் கூப்பிடப்போகிறார்கள் என்று தெரிந்தால் நடுங்குகிறேன் என்பது அவற்றில் ஒன்று. மேடையேறிப் பேச்சுப்போட்டியில் பரிசு வாங்குகிற பிள்ளை ஆங்கில வகுப்பில் ஊமையாக இருப்பதன் காரணம் அங்கே இருக்கிறது.

நாம் வகுப்பில் பேசும் முறை இந்தப் பயத்தை இன்னும் கூட்டுகிறது. ஆசிரியர் கேட்கிறார், மாணவர் பதில் சொல்கிறார், ஆசிரியர் "சரி" அல்லது "தப்பு" என்கிறார். உலகத்தில் எந்த வகுப்பறைக்குப் போனாலும் இந்த மூன்றடி உரையாடலைக் கேட்கலாம். 1975-இல் சின்க்ளேரும் கூல்ட்ஹார்டும் வகுப்பறைப் பேச்சைப் பதிவு செய்து ஆராய்ந்தபோது இந்த வடிவம் பளிச்சென்று தெரிந்தது. மூன்றில் இரண்டடி ஆசிரியருடையது. கேள்விக்கான விடையும் பெரும்பாலும் அவருக்கு முன்கூட்டியே தெரியும். தெரிந்த ஒன்றை ஒருவர் நம்மிடம் கேட்டால் அது பரீட்சை என்று 14 வயதுக்குப் புரியாதா?

மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் அறிவியல் வகுப்புகளில் செய்த வேலை இதைவிட எனக்கு முக்கியமாகப் படுகிறது. கேள்வி கேட்டுவிட்டு ஆசிரியர்கள் எவ்வளவு நேரம் காத்திருக்கிறார்கள் என்று அளந்தார். சராசரியாக ஒரு வினாடி. அதற்குள் பதில் வராவிட்டால் கேள்வியை மாற்றிக் கேட்கிறார்கள், வேறொருவரைக் கூப்பிடுகிறார்கள், அல்லது தாங்களே விடையைச் சொல்லிவிடுகிறார்கள். அந்த இடைவெளியை மூன்று வினாடிக்குக் கொண்டுவந்தபோது பதில்கள் நீண்டன, தெரியாது என்பது குறைந்தது, கூப்பிடாமலே பேசுகிறவர்கள் கூடினார்கள். 1974-இல் வெளியான முடிவுகள் இவை. அதுவும் பிள்ளைகள் தங்கள் சொந்த மொழியில் பேசிய வகுப்புகளில்.

அந்நிய மொழியில் அந்த ஒரு வினாடிக்குள் ஒரு பிள்ளை என்னவெல்லாம் செய்ய வேண்டியிருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். கேள்வியைக் காதில் வாங்க வேண்டும். அதில் தெரியாத சொல் இருந்தால் ஊகிக்க வேண்டும். விடை என்ன என்று யோசிக்க வேண்டும். விடை தாய்மொழியில்தான் முதலில் வரும்; அதற்கு ஆங்கிலச் சொற்களைத் தேட வேண்டும். வினை எங்கே வரும், எந்த டென்ஸ் என்று பார்க்க வேண்டும். உச்சரிப்பு சரியா என்று மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்க்க வேண்டும். கடைசியில் துணிச்சலைத் திரட்ட வேண்டும். அதற்குள் முன்வரிசைக்காரி சொல்லி முடித்திருப்பாள்.

கேள்வி கேட்டதும் நான் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. கேள்வியைக் கரும்பலகையிலும் எழுதிவிடுவேன், காதில் தவறவிட்டவருக்கு அது கண்ணில் படட்டும். பிறகு சும்மா நிற்பேன். முதலில் இது ஆசிரியருக்குத்தான் தாங்காது. ஐந்து வினாடி அமைதி ஒரு யுகமாகத் தெரியும், வாய் துறுதுறுக்கும். அதையும் தாண்டிக் காத்திருந்து, "பக்கத்தில் இருப்பவரிடம் உங்கள் விடையைச் சொல்லுங்கள்" என்பேன். வகுப்பு முழுக்க முணுமுணுப்பு எழும். அதற்குப் பிறகுதான் யாரையாவது கேட்பேன். அப்போது அந்தப் பிள்ளை ஏற்கெனவே ஒருமுறை சொல்லிப் பார்த்த வாக்கியத்தைச் சொல்கிறது. தப்பென்றால் அது இரண்டு பேருடைய தப்பு. இந்தச் சின்ன ஏற்பாடு செய்யும் வேலையை எந்தப் புதிய பாடப்புத்தகமும் என் வகுப்பில் செய்ததில்லை.

காத்திருந்தால் மட்டும் போதாது, சொல்வதற்கு ஏதாவது இருக்கவும் வேண்டும். "வாட் இஸ் திஸ்?" என்று பேனாவைத் தூக்கிக் காட்டினால், 14 வயதில் அதற்குப் பதில் சொல்வதே கூச்சம். மொழி எளிமையாக இருக்க வேண்டும் என்பதற்காக யோசனையையும் குழந்தைத்தனமாக ஆக்கிவிடுகிறோம். உயர்நிலைப் பள்ளி ஆங்கிலத்தின் பெரிய சிக்கல் இது: மூளைக்கு 14 வயது, ஆங்கிலத்துக்கு 4 வயது. இரண்டுக்கும் ஒரே நேரத்தில் தீனி போட்டாக வேண்டும்.

இந்தச் சிக்கலுக்கு நான் அறிந்த நல்ல விடைகளில் ஒன்று தென்னிந்தியாவிலேயே கிடைத்தது. 1979 முதல் 1984 வரை, ஆங்கிலக் கற்பித்தல் அறிஞர் என். எஸ். பிரபுவும் அவரோடு சேர்ந்த ஆசிரியர்களும் பெங்களூர், சென்னை, கடலூர் போன்ற ஊர்களின் சாதாரணப் பள்ளிகளில் ஒரு சோதனை நடத்தினார்கள். இலக்கணப் பாடம் கிடையாது, வாக்கிய அமைப்புகளை ஒப்பிக்க வைப்பது கிடையாது. ஒவ்வொரு பீரியடிலும் பிள்ளைகள் தீர்க்க வேண்டிய ஒரு சிக்கல் மட்டும் இருக்கும். ரயில் அட்டவணை, வரைபடம், வகுப்பு நேர அட்டவணை என்று ஏதாவது ஒன்று. முதலில் ஆசிரியர் அதே மாதிரியான ஒரு சிக்கலை வகுப்போடு சேர்ந்து பேசித் தீர்ப்பார். பிறகு இன்னொன்றைப் பிள்ளைகள் தாங்களே தீர்க்க வேண்டும். கவனம் முழுக்க அர்த்தத்தில் இருக்கும்போதுதான் மொழியின் அமைப்பு உள்ளே இறங்குகிறது என்பது பிரபுவின் வாதம். 1987-இல் இதைப் புத்தகமாகவே எழுதினார். பணிவழிக் கற்பித்தல் (ஒரு டாஸ்க், அதாவது பணி கொடுத்து அதன் வழியே மொழியைக் கற்பிப்பது) என்று இன்று உலகமெங்கும் பேசப்படுவதற்கான முன்னோடிகளில் இந்தச் சோதனையை எல்லாரும் குறிப்பிடுகிறார்கள்.

ஒரு வகுப்பை அப்படியே சொல்கிறேன். நான் கரும்பலகையில் எழுதியது இவ்வளவுதான். ஒரு பெண் ஏ என்ற ஊரிலிருந்து சி என்ற ஊருக்கு 11 மணிக்கு இன்டர்வியூவுக்குப் போக வேண்டும். வழியில் பி ஊரில் ஓர் அலுவலகத்தில் சான்றிதழ் வாங்க வேண்டும். அலுவலகம் 9 மணிக்குத் திறக்கும், வேலை முடிய 20 நிமிடம் ஆகும். ரயில் நிலையத்திலிருந்து அலுவலகத்துக்கு நடை 10 நிமிடம். பஸ் நிறுத்தம் அலுவலகத்தின் வாசலிலேயே இருக்கிறது. ஏ-யிலிருந்து பி-க்கு இரண்டு ரயில்: 7.10-க்குக் கிளம்பினால் 8.20-க்குப் போகும், 8.15-க்குக் கிளம்பினால் 9.25. பி-யிலிருந்து சி-க்கு 9.05 ரயில் 10.20-க்கும், 9.50 ரயில் 11.05-க்கும் போய்ச் சேரும். 9.30-க்கு ஒரு பஸ் இருக்கிறது, அது 10.45-க்குப் போகும். எல்லாம் ஆங்கிலத்தில்.

கொஞ்ச நேரம் எந்தச் சத்தமும் இல்லை. பிறகு நடுவரிசையில் ஒருவன், "ஷீ கோ நைன் ஃபிஃப்ட்டி டிரெயின்" என்றான். "நோ, லேட். லெவன் ஃபைவ். இன்டர்வியூ லெவன்" என்றாள் ஒருத்தி. "நைன் ஃபைவ் டிரெயின்?" "ஆஃபீஸ் ஓப்பன் நைன். டுவென்ட்டி மினிட்ஸ். நாட் பாசிபிள்." கடைசி வரிசையில் ஒரு மாணவி, அதற்கு முன் என் வகுப்பில் தானாக எதுவும் பேசியதில்லை. பென்சிலால் தாளில் ஏதோ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தவள், நிமிராமலே, "இஃப் ஷீ கோ பை பஸ், ஷீ ரீச் டென் ஃபார்ட்டி-ஃபைவ்" என்றாள். உடனே ஒருவன், "எய்ட் ஃபிஃப்டீன் டிரெயின், பஸ் மிஸ்!" என்று குறுக்கிட்டான். அவள் அவனைப் பார்த்து, "செவன் டென். ஷீ வெய்ட் இன் ஆஃபீஸ்" என்றாள். வழி ஒன்றுதான், அதைக் கண்டுபிடித்துவிட்டாள்.

அவள் முதலில் சொன்ன வாக்கியத்தில் "இஃப்" வந்ததைக் கவனியுங்கள். அந்தப் பாடத்துக்கு நாங்கள் அந்த வருடம் இன்னும் போகவே இல்லை. அவளுக்கு அது தேவைப்பட்டது, எங்கேயோ கேட்டதை எடுத்துப் போட்டாள். தான் ஆங்கிலம் பேசுகிறோம் என்ற நினைப்பே அப்போது அவளுக்கு இல்லை; பஸ்ஸைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தாள். நான் "எஸ். கேன் ஷீ கேட்ச் த பஸ்?" என்று கேட்டதோடு சரி. எல்லாம் முடிந்த பிறகு அவள் சொன்ன வாக்கியத்தைச் சரியான வடிவில் கரும்பலகையில் எழுதி, "அலுவலகம் 9.15-க்குத் திறந்தால் என்ன ஆகும்?" என்று அடுத்த கேள்வியைப் போட்டேன். அதற்குப் பதில் சொல்ல எல்லாருக்கும் அந்த "இஃப்" தேவைப்பட்டது. கண்டிஷனல், அதாவது நிபந்தனை வாக்கியப் பாடம் அன்றைக்கே தொடங்கிவிட்டது.

பிரபு மூன்று வகைப் பணிகளைப் பிரித்தார்: ஒருவரிடம் இருக்கும் தகவலை இன்னொருவருக்குக் கடத்துவது, கையிலுள்ள தகவலிலிருந்து புதிதாக ஒன்றை ஊகித்துக் கண்டுபிடிப்பது, சொந்தக் கருத்தைச் சொல்வது. இரண்டாவதைத்தான் அவர் அதிகம் நம்பினார். இந்த வயதுக்கு அது மிகச் சரி. கருத்துச் சொல்லச் சொன்னால் கூச்சம் வந்துவிடும். தன் மனதைக் காட்ட வேண்டியிருக்கும். தகவலைக் கடத்துவது சீக்கிரமே சலித்துப்போகும். ரயிலுக்கு நேரம் பார்ப்பதில் யாருடைய மானமும் போகாது. தப்பானாலும் கணக்குத்தான் தப்பு.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் அவரோடு ஒத்துப்போகவில்லை. மாணவர்களைக் குழுவாகப் பிரித்துப் பேசவிடுவதை அவர் ஊக்குவிக்கவில்லை. அரைகுறை ஆங்கிலத்தை ஒருவரிடமிருந்து ஒருவர் கேட்டுக்கொண்டே இருந்தால் அதுவே நிலைத்துவிடும் என்று அஞ்சினார். அந்த அச்சத்தில் நியாயம் உண்டு. ஆனால் கணக்குப் பாருங்கள்: 40 நிமிட பீரியட், 40 பேர். ஆசிரியரே பேசாமல் இருந்தாலும் ஒருவர் மாற்றி ஒருவர் பேசினால் ஆளுக்கு ஒரு நிமிடம். இரண்டிரண்டு பேராகப் பேசவிட்டால் ஐந்து நிமிடத்திலேயே ஆளுக்கு இரண்டரை நிமிடம் கிடைத்துவிடும். அந்த ஐந்து நிமிடம் தப்பும் தவறுமாகவே போகட்டும். அடுத்த வகுப்பிலிருந்து சத்தத்தைப் பற்றிப் புகார் வரும். வகுப்பு அமைதியாக இருப்பதே நல்ல ஆசிரியருக்கு அடையாளம் என்று நினைக்கும் இடங்களில் இது உண்மையான தொல்லை. மொழி வகுப்பில் சத்தம் இருந்தே ஆகவேண்டும் என்பதைத் தலைமை ஆசிரியர்களிடம் அலுக்காமல் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது.

இனி தவறுகள். ஆங்கில ஆசிரியர்களுக்கு "ஹீ கோ" என்று காதில் விழுந்தால் பொறுக்காது. "கோஸ்!" என்று உடனே வாய்க்கு வந்துவிடும். ஆனால் அந்தக் கடைசி "ஸ்" சத்தம் விளக்குவதற்கு எவ்வளவு எளிதோ, வாயில் தானாக வருவதற்கு அவ்வளவு நாளாகும். 1974-இல் டுலே, பர்ட் இருவரும் ஸ்பானிஷ் பேசும் குழந்தைகளையும் சீன மொழி பேசும் குழந்தைகளையும் ஒப்பிட்டார்கள். தாய்மொழி வேறு வேறாக இருந்தும், ஆங்கிலத்தின் சின்னச் சின்ன உருபுகள் அவர்களுக்குக் கைவந்த வரிசை ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. இந்த "ஸ்" பின்னால் வருபவற்றில் ஒன்று. ஆறாம் வகுப்பில் சொல்லிக்கொடுத்துவிட்டோம், பத்தாம் வகுப்பிலும் தப்புவிடுகிறானே என்று கோபப்படுவதில் அர்த்தமில்லை. விதி அவனுக்குத் தெரியும். கேட்டால் ஒப்பிப்பான். பேசும்போது கவனம் வேறு இடத்தில் இருப்பதால் நழுவுகிறது. மொழியியலாளர் பிட் கார்டர் 1967-லேயே, மாணவரின் தவறு அவர் மனதுக்குள் அந்த மொழி எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று காட்டும் சான்று என எழுதினார். நோட்டுத் திருத்தும்போது அதை நினைத்துக்கொண்டால் சிவப்பு மை பாதியாகக் குறையும்.

அதற்காகத் திருத்தவே கூடாதென்று நான் சொல்லவில்லை. எப்படித் திருத்துவது என்பதில் 1997-இல் லிஸ்டரும் ரான்டாவும் கனடாவில் பிரெஞ்சு வழி வகுப்புகளைக் கவனித்து எழுதியது என் பழக்கத்தையே மாற்றியது. ஆசிரியர்கள் அதிகம் செய்தது, மாணவர் தப்பாகச் சொன்னதைத் தாங்களே சரியாகத் திருப்பிச் சொல்வது. மொத்தத் திருத்தங்களில் 55 சதவீதம். ஆனால் அதற்குத்தான் மாணவர்களிடமிருந்து மிகக் குறைந்த பதில்வினை வந்தது, 31 சதவீதம். காரணம் ஊகிக்கக் கூடியதுதான். பையன் "ஹீ கோ டு ஸ்கூல்" என்கிறான். நாம் சிரித்த முகத்தோடு "எஸ், ஹீ கோஸ் டு ஸ்கூல்" என்கிறோம். அவன் காதில் விழுவது "எஸ்" மட்டும்தான். சரியான விடை என்று உட்கார்ந்துவிடுகிறான். மாறாக "ஹீ...?" என்று இழுத்து நிறுத்தி அவனையே முடிக்கவிட்டால், அந்த ஆய்வில் மாணவர்கள் ஒவ்வொரு முறையும் ஏதாவதொரு வகையில் மறுபடி முயன்றார்கள். இதிலும் நாம் வாயை மூடிக்கொண்டு காத்திருப்பதுதான் வேலை செய்கிறது. ஒரு பீரியடில் ஒரே ஒரு தவறை மட்டும் இப்படிப் பிடிப்பது என்று வைத்துக்கொண்டிருக்கிறேன். மற்றதையெல்லாம் விட்டுவிடுவேன்.

தாய்மொழி பேசினால் அபராதம் என்ற பழக்கம் இன்னும் பல பள்ளிகளில் இருக்கிறது. ஆங்கிலத்தை ஆங்கிலத்திலேயே கற்பிப்பதுதான் உத்தமம் என்பது 1961-இல் உகாண்டாவின் மகரேரேயில் நடந்த மாநாட்டிலிருந்து கோட்பாடாகவே பரவியது. 1992-இல் மொழியியலாளர் ராபர்ட் ஃபிலிப்சன் அதைப் பொய்யான நம்பிக்கைகளில் ஒன்று என்று எழுதினார். கூச்சத்தில் இருக்கும் பிள்ளையிடம் இருக்கும் ஒரே மொழியையும் பிடுங்கிக்கொண்டு "பேசு" என்பதில் என்ன நியாயம்? பணியை விளக்கத் தாய்மொழியில் இரண்டு வாக்கியம் சொன்னால் பத்து நிமிடம் மிச்சமாகும். மிச்சமான நேரத்தை ஆங்கிலத்துக்குச் செலவழிக்கலாம். அபராதம் போடும் பள்ளிகளில் பிள்ளைகள் ஆங்கிலம் பேசி நான் பார்த்ததில்லை, எதுவுமே பேசாமல் இருப்பதைத்தான் பார்த்திருக்கிறேன்.

பெற்றோர் அடிக்கடி வந்து, "சின்ன வயசுலேயே சேர்த்திருக்கணும், இப்ப லேட்டாயிடுச்சு" என்று வருந்துவார்கள். அவர்களுக்கு நான் பார்சிலோனா ஆய்வைப் பற்றிச் சொல்வதுண்டு. கார்மென் முனியோஸ் தலைமையில், பள்ளியில் 8 வயதில் ஆங்கிலம் தொடங்கியவர்களையும் 11 வயதில் தொடங்கியவர்களையும் அதே அளவு மணி நேரப் பயிற்சிக்குப் பிறகு ஒப்பிட்டார்கள். பெரும்பாலான தேர்வுகளில் பின்னால் தொடங்கியவர்களே முன்னால் இருந்தார்கள். வாரத்தில் சில மணி நேரம் மட்டும் ஆங்கிலம் கிடைக்கும் பள்ளிச்சூழலில், வளர்ந்த பிள்ளையின் யோசிக்கும் திறன் பெரிய பலம். லேட் ஆகவில்லை என்று நான் சொல்வது வெறும் ஆறுதல் இல்லை.

எல்லாம் சரி, பரீட்சையில் பேச்சுக்கு மார்க் உண்டா என்று எந்தப் பிள்ளையும் கேட்கும். அது நியாயமான கேள்வி. இலங்கையில் 1980-களின் கடைசியில் புதிய ஆங்கிலப் பாடநூல்களும், அவற்றை ஒட்டி மாற்றியமைத்த சாதாரண தரப் பரீட்சையும் (ஓ-லெவல் பொதுத் தேர்வு) வந்தன. அவற்றால் வகுப்பறை மாறுகிறதா என்று டயான் வாலும் சார்ல்ஸ் ஆல்டர்சனும் தொடர்ந்து கவனித்து 1993-இல் எழுதினார்கள். எதைக் கற்பிக்கிறார்கள் என்பதைப் பரீட்சை மாற்றியிருந்தது; பரீட்சையில் வராததை ஆசிரியர்கள் விட்டுவிட்டார்கள். எப்படிக் கற்பிக்கிறார்கள் என்பதை அது மாற்றியதற்குச் சான்று கிடைக்கவில்லை. பரீட்சையை மாற்றினால் பள்ளி மாறிவிடும் என்று நம்பும் அதிகாரிகள் அந்த ஆய்வை ஒருமுறை படிக்க வேண்டும். கேள்வித்தாளோடு சேர்த்து ஆசிரியருக்குப் பயிற்சியும் நேரமும் கொடுக்காவிட்டால், புதிய கேள்வித்தாளுக்கும் பழையபடி கைடு போட்டு உருப்போட வைப்பார்கள்.

பரீட்சைக்கு அப்பால் பார்க்க வேண்டிய இன்னொன்றையும் சொல்ல வேண்டும். உயர்நிலை வகுப்பில் இருக்கும் எல்லாரும் கல்லூரிக்குப் போகப் போவதில்லை. மைக்கேல் வெஸ்ட் டாக்காவில் ஆசிரியர் கல்லூரியில் இருந்தபோது, வங்காளப் பிள்ளைகளில் பலர் பாதியிலேயே பள்ளியை விட்டு நிற்பதைப் பார்த்து 1926-இல் ஒரு கேள்வி கேட்டார்: எந்த வருடத்தில் நின்றாலும் அந்தப் பிள்ளை கையில் எதை எடுத்துக்கொண்டு போகும்? இன்ஷூரன்ஸ்காரர்களின் மொழியில் அதை சரண்டர் வேல்யூ என்றார். அவர் கண்ட விடை வாசிப்பு. கொஞ்சம் வாசிக்கத் தெரிந்தால், நின்ற பிறகும் தானாகவே வளர்த்துக்கொள்ளலாம். பிற்காலத்தில் அவர் தொகுத்த ஏறக்குறைய 2,000 அடிப்படைச் சொற்களின் பட்டியல் 1953-இல் வெளியானது. அதை வைத்துத்தான் எளிமையாக்கிய கதைப்புத்தகங்கள் நிறைய எழுதப்பட்டன. இப்போதைய கணக்கைச் சொன்னால் மலைப்பாக இருக்கும்: சாதாரண நாவல், செய்தித்தாளை யார் துணையுமின்றி வாசிக்க 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்கள் (ஒரு சொல்லும் அதிலிருந்து கிளைக்கும் வடிவங்களும் சேர்ந்து ஒரு குடும்பம்) தெரிந்திருக்க வேண்டும் என்று ஆய்வாளர் பால் நேஷன் 2006-இல் கணித்தார். பாடப்புத்தகம் ஒன்றை மட்டும் வைத்து அங்கே போய்ச் சேர முடியாது. அதனால் வகுப்பின் ஓரத்தில் ஒரு பெட்டி நிறைய மெல்லிய, எளிய கதைப்புத்தகங்கள் வைத்திருக்கிறேன். வாரத்தில் ஒரு நாள் பத்து நிமிடம் எல்லாரும் வாசிப்போம், நானும் வாசிப்பேன். கேள்வி கிடையாது, சுருக்கம் எழுதச் சொல்வது கிடையாது. வாய் திறக்காத பிள்ளைகள்தான் அந்தப் பெட்டியிலிருந்து அதிகம் எடுத்துப் போகிறார்கள்.

பேச்சுத் தேர்வு வேண்டும் என்று கேட்டால் "இத்தனை பேருக்கு யார் வைப்பது, நேரம் ஏது" என்பார்கள். 40 பேருக்கு ஆளுக்கு மூன்று நிமிடம் என்றால் 120 நிமிடம். மூன்று பீரியட். ஒரு பருவத்துக்கு மூன்று பீரியட் ஒதுக்கினால் போதும். மற்றவர்கள் வாசித்துக்கொண்டிருக்க, ஒவ்வொருவராக மேசைக்கு வந்து ஆசிரியரோடு உட்கார்ந்து பேசலாம். வகுப்பு முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்காது, யாரும் சிரிக்க மாட்டார்கள். அந்த மூன்று நிமிடத்தில் ஒரு படத்தைக் காட்டிப் பேசலாம், ரயில் அட்டவணையைக் கொடுத்து வழி கேட்கலாம். என் வகுப்பில் இதை மார்க் இல்லாமலேயே நடத்துகிறேன். மார்க் கொடுத்தால் எல்லாப் பள்ளியிலும் நடக்கும், பெற்றோரும் கேட்பார்கள். பாடத்திட்டக் குழுவில் இருக்கும் யாராவது இதைப் படித்தால், எழுத்துத் தேர்வில் இருந்து 20 மார்க்கைப் பேச்சுக்கு மாற்றி, அதை நடத்தத் தேவையான அந்த மூன்று பீரியடையும் கால அட்டவணையிலேயே எழுதிக் கொடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.